செக்கர் அடுப்பு பார்க்கப் போன கதை

வாஷ்பேசின் செய்கிற தொழிற்சாலையில், முப்பத்தோரு வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவரை வீட்டுச் சாமான் வாங்க அனுப்பினால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. சாமான் வராது. அவ்வளவுதான்.

ஊரில் எல்லோரும் அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவியின் தம்பி மட்டும் மரியாதையாக மாமா என்பான். அதுவும் நேரில்தான். முதுகுக்குப் பின்னால் அவனுக்கும் அவர் 'டொக்கு'தான். அந்தப் பட்டப்பெயர் தொழிற்சாலையில் பிறந்தது. சூளையிலிருந்து வண்டி வெளியே வரும். அதில் சூடு ஆறியும் ஆறாமலும் இருபது இருபத்தைந்து வாஷ்பேசின்கள் இருக்கும். செக்கர் ஒரு சின்ன மரச்சுத்தியலால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் தட்டுவார். ணங் என்றால் உள்ளே பழுதில்லை. டொக் என்றால் எங்கோ பிளந்திருக்கிறது. அதற்குப் பிறகு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சைப் பார்ப்பார். பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தாலும் போச்சு. சட்டைப் பையிலிருந்து நீல மெழுகுக்குச்சி வெளியே வரும், ஒரு பெருக்கல் குறி விழும், அந்த வாஷ்பேசின் பின்கட்டுக்கு உடைபடப் போகும். அந்த இழை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், தண்ணீரோடு அழுக்கும் இறங்கும், இரண்டே வருஷத்தில் தொட்டி கறுத்துப்போய் நாறும் என்பது அவருக்கு வேதவாக்கு.

பத்தொன்பது வயதில் களிமண் மூட்டை தூக்கத்தான் அங்கே சேர்ந்தார். ஒரு நாள் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு தொட்டியைத் தரையில் இறக்கினார்கள். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது உடைஞ்சது" என்றார். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் விரல் நீளத்துக்குப் பிளவு. அந்த வாரமே தோளிலிருந்து மூட்டை இறங்கியது, கைக்குச் சுத்தியல் வந்தது. அதிலிருந்து அவர் சரி என்று அனுப்பிய ஒரு தொட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், தப்பில்லை.

தொல்லை என்னவென்றால், மனிதர் மாலையில் தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டும்போது சுத்தியலை மட்டும்தான் உள்ளே வைத்துவிட்டு வருவார். கண்ணையும் காதையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சோபா வாங்கப் போனார்கள். அதன் ஒரு கால் மற்றதைவிட நூலளவு குட்டை என்று திரும்பினார்கள். நல்ல வெளிச்சமான வீடு ஒன்று விலைக்கு வந்தது. படுக்கையறைச் சுவரில் விரல் வைத்து ஒரு கோட்டைக் காட்டினார், அதுவும் போனது. பூப்போட்ட சாப்பாட்டுத் தட்டுகளை மனைவி ஆசையாகக் கையில் எடுத்துவிட்டாள். அவள் கையிலிருந்து வாங்கி விரலால் ஒரு தட்டு தட்டினார், டொக். வைத்துவிட்டு வந்தார்கள். காஸ் அடுப்பின் குழாய்க்குச் சோப்பு நுரை போட்டுப் போட்டுச் சோதித்தவர், கடைசியில் அடுப்பையே கழற்றி அனுப்பிவிட்டு மின்சார அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆரம்பத்தில் மனைவி இதற்கெல்லாம் சிரித்தாள். பிறகு சண்டை பிடித்தாள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள். அங்கே அடுப்பு என்று ஒன்று கிடையாது. சுவரிலிருந்து குழாய் வரும், குழாயில் நீராவி வரும், ஆள் உள்ளே உட்காரக்கூடிய எவர்சில்வர் அண்டாக்களில் உப்பில்லாத கஞ்சியும் காரமில்லாத குழம்பும் தானாக வேகும். அங்கே நீராவி, வீட்டில் மின்சாரம். சமையலே பிழைப்பாக இருக்கிற ஒருத்தி நெருப்பைக் கண்ணால் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இது செக்கருக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது, அந்த விருந்துக்குப் போகிறவரைக்கும்.

அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நர்ஸ் ஒருத்தி தன் வீட்டுக் கொல்லையில் மதிய விருந்து வைத்திருந்தாள். அங்கேதான் அந்த அடுப்பு நின்றது. இடுப்பு உயரம், பெரிய முட்டை மாதிரி உருவம், முழுக்கப் பச்சை நிறப் பீங்கான். மூடியைத் தூக்கினால் உள்ளே கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. அதன் மேல் கம்பித் தட்டில் கோழி, முழுசு முழுசாக உருளைக்கிழங்கு. மேலேயும் கீழேயும் இருக்கிற காற்றுத் துளைகளை விரலால் கொஞ்சம் நகர்த்தினால் போதும், நெருப்பு சொன்னபடி கேட்டது. செக்கர் மனைவி அதைவிட்டு இரண்டு மணி நேரம் நகரவில்லை. நர்ஸ் கையைப் பிடித்து இழுத்து, "நீங்க விருந்தாளிங்க, வந்து உக்காருங்க" என்று கெஞ்சியும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"ஏங்க, எனக்கு அந்த மாதிரி அடுப்பு ஒண்ணு வேணும்."

செக்கர் பேப்பரைக் கீழே வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள். "போய்ப் பாருங்க. சரியில்லன்னா வேணாம். சும்மாதான் கேட்டேன்."

அந்தச் 'சும்மாதான்' செக்கருக்கு எங்கேயோ இடறியது. இவள் கடைசியாக ஒன்று வேண்டும் என்று கேட்டது எப்போது? தட்டுக்கு அப்புறம்? யோசித்துப் பார்த்தார். மிக்ஸி பழுதானபோது அவரேதான் வாங்கினார். மகள் கல்யாணத்துக்குப் புடவைகூட மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். தட்டு வாங்கப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷமாக வீட்டில் ஒருத்தி எதையுமே கேட்காமல் இருந்திருக்கிறாள், அதைக் கவனிக்காமல் ஒருவர் கைவிளக்கோடு ஊருக்கெல்லாம் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. இந்தத் தடவையும் வேண்டாம் என்று சொன்னால் இவள் சரி என்பாள். அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் எதையும் கேட்க மாட்டாள். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆகவே, அடுப்பு எப்படியாவது நல்லதாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனார். மனைவி வந்தாள். சரக்கு வேன் ஓட்டுகிற மச்சான் வேனோடு வந்தான். வழியெல்லாம் அவன் பேச்சுத்தான். "எதுக்கு மாமா இவ்வளவு செலவு? பழைய எண்ணெய் டிரம் ஒண்ண நடுவுல வெட்டி நாலு கால் வச்சுத் தர்றேன். அக்கா அதுல ஊருக்கே சமைக்கலாம்."

"எனக்கு முட்டதான் வேணும்" என்றாள் அக்கா. செக்கருக்கு அதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

தோட்டச் சாமான் விற்கிற பெரிய கடை அது. பூந்தொட்டிகளையும் மடக்கு நாற்காலிகளையும் தாண்டிப் போனால் கடைசியில் ஏழெட்டு அடுப்புகள் வரிசையாக நின்றன. கடைப் பெண் சிரித்த முகத்தோடு வந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். செக்கர் காதில் எதுவும் விழவில்லை. விரலை மடக்கி முதல் அடுப்பின் மூடியில் ஒரு தட்டு தட்டினார்.

ணங்.

அடேயப்பா, என்ன சத்தம்! கோயில் மணி தோற்றது. வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது அவருக்கு. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்; அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? செல்போன் விளக்கைப் போட்டுச் சாய்த்துப் பிடித்தார். பார்த்தால் மூடி முழுக்க, சிலந்திவலை மாதிரி, மயிரிழை விரிசல்.

அதற்கப்புறம் நடந்ததற்கு அவர் மூளை பொறுப்பில்லை. கை பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போனது, கை பாட்டுக்கு நீல மெழுகுக்குச்சியை எடுத்தது, விற்பனைக்கு வைத்திருந்த புத்தம்புது அடுப்பின் நெற்றியில் சாண் அகலத்துக்குப் பெருக்கல் குறி போட்டது. அதோடு நின்றதா? அடுத்ததற்கு நகர்ந்து, விளக்கைப் பிடித்து, அதற்கும் ஒன்று போட்டது.

"சார்! சார்! என்ன சார் பண்றீங்க?" கடைப் பெண் போட்ட சத்தத்தில் பூந்தொட்டிப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

செக்கருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. குச்சியை மறைத்தார். முகம் செங்கல் நிறமாகிவிட்டது. கைக்குட்டையால் துடைத்தார்; மெழுகு இன்னும் அகலமாகப் படர்ந்தது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பூந்தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மன்னிச்சிரும்மா. ஆனா எல்லாத்துலயும் விரிசல் இருக்கே?"

"அது அப்படித்தான் சார் இருக்கும். சுடுறப்பவே சூடு ஏறி எறங்குறதால வர்றது. ஒண்ணும் ஆகாது. கம்பெனி புத்தகத்துலயே போட்டிருக்காங்க, பாருங்க."

"தப்பு பண்றவன் எல்லாம் அத முன்கூட்டியே புத்தகத்துல போட்டுக்குவான்மா."

செக்கர் மனைவி பக்கம் திரும்பினார். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல ஓய்ந்தது. அடுப்பை ஒரு தடவை பார்த்தாள். "போலாமா?" என்றாள், பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல.

கோபப்பட்டிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்தவள் வழக்கம்போலச் சமைத்தாள், வழக்கம்போலப் பரிமாறினாள், குழம்பில் உப்பு சரியாக இருந்தது. செக்கருக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எதிலும் மனம் ஒட்டவில்லை. தெரிந்தே ஒரு பழுதான சாமானைக் காசு கொடுத்து வாங்குவதா? அது அவரால் முடியாது. சரி என்று பொய் சொல்லி வாங்கிக் கொடுத்தால், ஒவ்வொரு தடவை அவள் அதைப் பற்றவைக்கும்போதும் அவருக்கு அந்தப் பொய்தான் தெரியும். காது நல்லது என்றது, கண் கெட்டது என்றது. இரண்டும் அவருடையவைதான், இதுவரை ஒன்றையொன்று மறுத்துப் பேசியதில்லை.

திங்கட்கிழமை சூளை வாசலில் நின்றிருந்தார். வண்டி வந்தது. தொட்டிகளை இறக்கி முடித்தபோது கீழே அவற்றைத் தாங்கியிருந்த பலகைகள் தெரிந்தன. தடித்த பலகைகள், அவையும் சுட்ட மண்தான். தொட்டி ஒரு தடவை நெருப்புக்குள் போய் வெளியே வந்துவிடும்; பலகை தினம் தினம் போகும், தினம் தினம் வரும். செக்கர் வாழ்நாளில் அதைப் பார்த்ததே இல்லை. அதாவது பார்த்திருக்கிறார், சோதித்ததில்லை. இன்றைக்கு என்னவோ கைவிளக்கு தானாக அதன் பக்கம் சாய்ந்தது. பலகை முழுக்கக் கோடு. ஒன்று இரண்டு அல்ல, கிழவன் உள்ளங்கை மாதிரி.

சூளைக்குள் அடுக்குகிற ஆளை எல்லோரும் ஒல்லி என்பார்கள். நூறு கிலோ இருப்பார். செக்கர் அவரைக் கூப்பிட்டார்.

"ஒல்லி, இந்தப் பலக எத்தன வருஷமா ஓடுது?"

"அதுவா? நாலு வருஷம் இருக்கும்."

"மேல பூராவும் விரிசலா இருக்கே?"

ஒல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷமா இது பக்கத்துலயே நிக்கிறீங்க, இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா? தினமும் நெருப்புக்குள்ள போய் வர்றதுக்குக் கோடு விழாம என்ன விழும்? ஏத்துறதுக்கு முன்னால ஒரு தட்டு தட்டுவேன். சத்தம் உயிரோட இருந்தா ஏத்துவேன், செத்திருந்தா தூக்கிப் போடுவேன். மேல கோடு இருந்தா நமக்கென்ன செக்கர்? இதுல தண்ணியா புடிச்சு வைக்கப்போறோம்?"

செக்கர் கைவிளக்கை அணைத்தார். தண்ணீர் நிற்கிற சாமானுக்கு வைத்த சட்டத்தைக் கொண்டுபோய் நெருப்பு நிற்கிற சாமானுக்குப் போட்டிருக்கிறார். அது மட்டுமா? சோபாவுக்குப் போட்டார், சுவருக்குப் போட்டார், கண்ணில் பட்டதற்கெல்லாம் போட்டார். எது எதற்காக இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. ஆனால் கூடவே மனசுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. அன்றைக்கு மதியத்துக்கு மேல் அவர் தட்டிய தட்டெல்லாம் தாளம் மாதிரி விழுந்ததாகப் பின்னால் ஒல்லி சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். மனைவி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழம உனக்கு லீவுதானே? கடைக்குப் போய் அடுப்ப எடுத்துட்டு வந்துரலாம்."

அவள் திரும்பவில்லை. "விடுங்க. தம்பி டிரம்ம வெட்டித் தர்றேன்னுட்டான். எனக்கு அது போதும்."

"முட்டதான் வேணும்னு சொன்னியே?"

"சொன்னேன். அதுல விரிசல் இருக்குல்ல? எனக்காகப் பாவம்னு நெனச்சு வாங்க வேணாம். பின்னால தெனமும் அதப் பாத்து நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கறதுக்கு டிரம்மே தேவல."

போதும் என்ற அந்தச் சொல்தான் செக்கரைக் குத்தியது. இவ்வளவு சுலபமாக ஒருத்திக்குப் போதும் என்று ஆகிவிடக்கூடாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் பாத்தது தப்பு."

கரண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"அடுப்பு நல்ல அடுப்பு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இன்னொரு தடவ கேட்டா சொல்ல மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். செக்கர் நின்றபடியே பலகைக் கதையைச் சொன்னார், ஒல்லியின் குரலிலேயே சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "புதன்கிழம கூட்டமா இருக்குமா?" என்றாள்.

கூட்டம் இல்லை. செக்கர் தலையைப் பார்த்ததும் கடைப் பெண் ஓடிவந்து அடுப்புகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். செக்கர் சட்டைப் பையிலிருந்து நீலக் குச்சியை எடுத்து அவளிடமே நீட்டினார். "இத நீயே வச்சிக்கம்மா. போறப்ப வாங்கிக்கிறேன்." அப்புறம் மனைவியிடம், "நீ பாரு. நான் அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்" என்றார்.

"நீங்க தட்டிப் பாக்கலையா?"

"நீயே தட்டு. கேக்கற தூரத்துலதான் இருக்கேன்."

அவள் தட்டினாள். ஆனால் அவள் சோதனை வேறு தினுசு. முதல் அடுப்பின் மூடியை ஒற்றைக் கையால் தூக்கினாள், பிடித்தாள், இறக்கினாள். "என் தோளுக்கு இது கனம். இது வேணாம்." இரண்டாவதற்கு முன்னால் நின்று கரண்டி பிடிப்பதுபோலக் கையை வைத்தாள். "இது உயரம் ஜாஸ்தி. முழங்கை மேல போகுது. வேணாம்." சாம்பலை எந்த வழியாக எடுப்பது, மழை பெய்தால் என்ன செய்வது, ரெண்டு பேருக்கு மட்டும் சமைத்தால் எவ்வளவு கரி பிடிக்கும் என்று கேள்விமேல் கேள்வி. கடைப் பெண்ணுக்கு வியர்த்தது. இந்த வீட்டில் நான் மட்டும்தான் செக்கர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே என்று செக்கருக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கையை நம்ப முடியாது.

கடைசியில் அவள் எடுத்தது நடுத்தர அளவு, மண் நிறம். மேலே கோடு ஓடியிருந்தது. அவள் தட்டியபோது ணங் என்றது. திரும்பிப் பார்த்தாள். செக்கர் தலையை ஆட்டினார். பொய் இல்லாமல் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தரையில் அடுப்பு நின்றது. அதை வேனிலிருந்து இறக்கி வைத்ததிலேயே மச்சானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "டிரம்மா இருந்தா உருட்டிட்டு வந்திருக்கலாம்" என்று முனகிவிட்டு, மதியம் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிப் போனான். மனைவி தானே கரியை அடுக்கினாள், தானே பற்றவைத்தாள். முதல் நாள் என்பதால் சின்ன நெருப்புப் போதும் என்று புத்தகம் சொன்னது. அவள் அதற்குக் கட்டுப்பட்டாள். கரி ஓரத்தில் சிவந்து, மெல்ல நடுவுக்கு வந்தது. அந்தச் சிவப்பு அவள் முகத்தில் விழுந்தது. செக்கர் நெருப்பைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ கல்யாணமான புதிதில் பார்த்த முகம் மாதிரி இருந்தது.

சூடு ஏற ஏற, மூடிப் பக்கமிருந்து டிக் என்று மெலிதாக ஒரு சத்தம். புது இழை ஒன்று விழுந்திருக்கிறது. ஊரில் வேறு யார் காதுக்கும் அது கேட்டிருக்காது. செக்கர் எழுந்திருக்கவில்லை. விளக்கு தேடவில்லை. உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் நீட்டினார், அவள் வாங்கிக் கம்பித் தட்டில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

செக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளு" என்றார்.

"இங்க நின்னுக்கிட்டே சமைச்சா கால் வலிக்கும். ரெண்டு நாற்காலி வேணும். சாய்ஞ்சு உக்கார்ற மாதிரி."

"சரி."

"வெயிலுக்கு மேல ஒரு தகரம் போடணும்."

"போட்டுரலாம்."

"மக வீட்டுல போய் ஒரு வாரம் இருந்துட்டு வரணும். நீங்களும் வரணும். அங்க வந்து அவங்க வீட்டுச் சுவரப் பாக்கக் கூடாது."

"பாக்க மாட்டேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், இவர் வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று. பிறகு கையிலிருந்த கரியைப் புடவையில் துடைத்துவிட்டு, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். சமையலறை ஜன்னலுக்குக் கொசுவலை. மழைக்கு ஒரு நல்ல செருப்பு. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆமாம், இந்த வயதில்தான், அதற்கென்ன? ஆஸ்பத்திரி வேலை முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் பத்துப் பேருக்குச் சமைத்துக் கொடுத்தால் என்ன? ஒரு கை விரல் தீர்ந்து மறு கைக்குப் போனாள். பதினோரு வருஷம் உள்ளே நின்றது அத்தனையும் வரிசைகட்டி வந்தது. தட்டில் ஒரு பக்கம் உருளைக்கிழங்கு கருகி வாசனை வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பத்து விரலும் மடங்கியதும் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். ரொம்பக் கேட்டுவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் முகத்தில் வந்தது.

செக்கர் தன் இரண்டு கையையும் விரித்து அவள் முன்னால் நீட்டினார்.

"இதுலயும் பத்து இருக்கு. சொல்லு, அப்புறம்?"